ஊழம் தப்பிய ஆட்டம்

சுக்குத் தூளின் காரம் மூக்கில் ஏறும்போதெல்லாம், மட்டாஞ்சேரியில் ஒரு கிடங்கின் மாடி அறையும், அங்கே விரல் நோக அழுத்தினால்தான் இறங்கும் ஒரு கம்ப்யூட்டரின் விசைகளும் எனக்கு நினைவுக்கு வரும். யூதர் குடியிருப்பான ஜூ டவுனுக்குப் போகும் தெருவில் இருந்த அந்தக் கிடங்கை நாங்கள் ‘பாண்டிகசாலை’ என்போம். என் தோழி நஸீமாவின் அத்தா அங்கே சுக்கும் மிளகும் வியாபாரம் செய்தார். தொண்ணூறுகளின் கடைசியில், கடிதம் அடிக்கவென்று அவர் வாங்கிப் போட்டிருந்த கம்ப்யூட்டர், சனிக்கிழமை பகல்களில் அவர் சாப்பிட்டுத் தூங்கும் இரண்டு மணி நேரம் எங்களுடையதாக இருந்தது. எனக்கும் அவளுக்கும் பதின்மூன்று வயது. பள்ளிகள் வேறு என்பதால் அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே வாரம் முழுவதும் காத்திருப்போம்.

அதில் இருந்தது ஒரே ஒரு விளையாட்டு, அவளுடைய மாமா மகன் ஃபிளாப்பியில் கொண்டுவந்து போட்டது. படம் கிடையாது, சத்தம் கிடையாது. கறுப்புத் திரையில் புள்ளிகள் தரை, கோடுகள் சுவர், மின்னஞ்சல் முகவரியில் ‘அட்’ என்று நாம் சொல்லும் அந்தச் சுழி எங்கள் ஆள், ஆங்கில எழுத்துகள் எல்லாம் அவனைக் கொல்ல வரும் பிராணிகள். ராஜன் என்று பெயர் வைத்து அவனைப் பாதாளத்துக்குள் தட்டுத் தட்டாக இறக்குவோம். செத்தால் விளையாட்டே அவன் பதிவை அழித்துவிடும். மறுபடி புது ஆள், மறுபடி முதல் தட்டு.

எங்களை அதில் கட்டிப்போட்டது அதன் நேரம்தான். நாங்கள் ஒரு விசையை அழுத்தாதவரை அங்கே எதுவும் அசையாது. வாயைத் திறந்துகொண்டு பக்கத்தில் நிற்கும் நாய்கூட, நாங்கள் கீழே போய்ச் சாயா குடித்துவிட்டு வரும்வரை அப்படியே நிற்கும். அழுத்திவிட்டால் மட்டும் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு விலை உண்டு. ஓரடி நடந்தால் ஒரு முறை, அதை நாங்கள் மலையாளத்தில் ‘ஊழம்’ என்போம். கவசம் மாட்டினால் ஐந்து ஊழம், அந்த ஐந்திலும் எதிரி வந்து கடித்துக்கொண்டிருப்பான். எல்லோருக்கும் ஒரே வேகமும் இல்லை. நாங்கள் ‘மந்தன்’ என்று பெயரிட்ட பச்சைப் பிராணி, நாங்கள் இரண்டடி வைத்தால்தான் ஓரடி வைக்கும். அதை அடித்துவிட்டு விலகி, அது நெருங்கியதும் மறுபடி அடித்துவிட்டு விலகி, ஒரு கீறல் இல்லாமல் கொல்லலாம். நாயோ நாங்கள் ஓரடி வைப்பதற்குள் இரண்டடி வைத்துவிடும், ஓடித் தப்பவே முடியாது. பையில் கனம் கூடினால் ராஜனே மந்தனாகிவிடுவான். இதையெல்லாம் யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. நான் அழுத்த, நஸீமா மேசையில் விரலால் தட்டித் தட்டி ஒவ்வொரு பிராணியின் அடியையும் எண்ணி, ஒரு நோட்டில் மலையாளத்தில் எழுதி வைத்தாள்.

எட்டாம் தட்டில் எங்களுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் கிடைத்தது. அதை மாட்டியதும் ராஜன் நாய்க்குச் சமமாக ஓடினான். அன்று நாங்கள் கை பிடித்துச் சத்தியம் செய்துகொண்டோம், ஒருத்தி இல்லாமல் மற்றவள் ஒரு விசையைக்கூடத் தொடுவதில்லை என்று.

அடுத்த வாரமே எனக்கு அம்மை போட்டது. மாநகராட்சியில் தண்ணீர்க் குழாய்ப் பிரிவில் வேலை செய்த அப்பா முற்றத்தில் படுத்துக்கொள்ள, வீட்டின் ஒற்றை அறையில் வேப்பிலை மேல் மூன்று வாரம் கிடந்தேன். ராஜன் எட்டாம் தட்டில் எனக்காக அசையாமல் நிற்கிறான் என்ற நினைப்பு அந்த அரிப்பிலும் ஒரு சுகமாக இருந்தது.

தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடிந்த சனிக்கிழமை ஓடினேன். நஸீமா எழுந்து எனக்கு நாற்காலியைத் தந்தாள். திரையில் ராஜன் ஒரு தாழ்வாரத்தில் நின்றான், தூரத்தில் ஒரு நாய். பயமில்லாமல் ஓரடி பின்னால் வைத்தேன். நாய் இரண்டடி வந்தது. மறுபடி ஓரடி வைத்தேன், மறுபடி அது இரண்டு.

“பூட்ஸ் எங்கடி?”

“களவு போயி” என்றாள்.

அந்த விளையாட்டில் திருடர்களும் உண்டு, அதனால் ஒரு கணம் நம்பினேன். பிறகுதான் திரையின் அடியில் ஓடும் ஊழக் கணக்கைப் பார்த்தேன். நான் படுக்கும்போது அது இருபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. இப்போது மூவாயிரம்கூட இல்லை. பெயர் மட்டும்தான் ராஜன்.

“செத்துப் போயி. நான் தனியா களிச்சேன்” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். “இனி எத்தனை நாளு இருக்கு, அதான்.”

அவள் தனியாக விளையாடி அவன் செத்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அதே பெயரில் வேறொருவனை நிறுத்தி, எனக்குத் தெரியாது என்று நினைத்து என்னை அவன் முன்னால் உட்காரவைத்தாளே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கள்ளி என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அவளாக வந்து கூப்பிடும்வரை போவதில்லை என்று இருந்தேன். நான் அசையாமல் நின்றால் எல்லாம் நின்ற இடத்தில் நிற்கும் என்று எனக்கு அந்த வயதில் ஒரு நம்பிக்கை, அந்த விளையாட்டே கற்றுத்தந்தது.

மூன்று சனிக்கிழமைகள் பொறுத்துவிட்டு நான்காவதில் போனபோது பாண்டிகசாலை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைச் சேட்டன், அவர்கள் வியாபாரத்தை நிறுத்திப் பாலக்காட்டுக்குக் குடிபோய் ஒரு வாரம் ஆகிறது என்று சொல்லி, உனக்குத் தெரியாதா என்று கேட்டார்.

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தபோது அம்மா ஆச்சரியப்படவில்லை. எனக்கு அம்மை போட்டிருந்த இரண்டாவது வாரம் நஸீமா வாசலுக்கு வந்ததும், ஊரைவிட்டுப் போகும் செய்தியைச் சொன்னதும், உள்ளே விட முடியாது, நானே சொல்லிவிடுகிறேன் என்று அம்மா அனுப்பிவைத்ததும் அப்போதுதான் தெரிந்தது.

“காய்ச்சல்ல கிடக்கிற பிள்ளைய எதுக்குக் கரய வைக்கணும், அழுதழுது காய்ச்சல் கூடிடுமேன்னு விட்டேன்” என்றாள்.

அம்மை இறங்கிய பிறகும், நான் முகம் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை வாரமும் அம்மா அதை என்னிடம் சொல்லவில்லை. நஸீமாவோ எனக்குத் தெரியும் என்று எண்ணியே அந்தச் சனிக்கிழமை என்னைப் பார்த்திருக்கிறாள். எனக்கு எல்லாம் தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்காமல் பூட்ஸுக்காகச் சண்டை போட்டேன் என்றுதான் அவள் பாலக்காட்டுக்குப் போயிருப்பாள்.

இப்போது நான் வைட்டிலாவில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அந்தக் கிடங்கில் சுற்றுலாக்காரர்களுக்குப் பித்தளை விளக்கும் பழைய மரப்பெட்டியும் விற்கிறார்கள்; மாடியில் குளிர்சாதனம் ஓடுகிறது. அந்த வகை விளையாட்டுகளை இன்றும் ஆடுகிறார்கள், எந்தச் செயலுக்கு எத்தனை ஊழம் என்று பக்கம் பக்கமாக இணையத்தில் எழுதுகிறார்கள், நானும் வாசிக்கிறேன். பாலக்காட்டில் இரண்டு முறை விசாரித்துப் பார்த்தும் நஸீமாவைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

போன மாதம் அம்மாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது, அன்று வாசலில் நின்று நஸீமா என்னதான் சொன்னாள், அவள் சொன்ன மாதிரியே சொல்லு என்று கேட்டேன். அம்மா உண்மையாகவே நினைவுபடுத்திப் பார்த்தாள். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

“என்னமோ நிறையச் சொல்லிச்சு அந்தப் பிள்ளை” என்றாள். “எனக்கு ஓர்மை இல்லடி.”