டீசல் மணக்கும் தண்ணீர்

பேட்டைப் பட்டறை வாசலில் இன்று யாரோ டீசல் டின்னைக் கழுவி ஊற்ற, அந்த வீச்சம் மூக்கில் ஏறியதும் எனக்குக் குமட்டிவிட்டது.

பட்டாளத்திலிருந்த அப்பாவை ராஜஸ்தான் பாலைவனத்துக்கு மாற்றியபோது நாங்களும் போய் இருந்த தகரக் கொட்டகை வரிசை இப்போது இல்லையாம், இருக்கவே வேண்டாம். லாரியில் வரும் தண்ணீர் உப்புக் கரிக்கும், டீசல் நாறும், மேலே ஈ மிதக்கும். அதனால் அம்மா ரயிலில் கேன் கேனாகச் சுமந்து வந்த தாமிரபரணித் தண்ணீரைத்தான் எனக்குக் கொடுப்பாள். அது வெயிலில் பச்சை பிடித்து வழுவழுவென்று ஆன பிறகும் முந்தானையில் வடிகட்டிக் கொடுப்பாள், நான் வாந்தி எடுப்பேன், செத்துப்போவேனோ என்று வயிற்றைத் தடவிக்கொண்டே படுத்திருப்பேன்.

“ஏட்டி, அது அழுகிப்போச்சு, கீழ ஊத்து” என்பார் அப்பா.

“நம்ம ஆத்துத் தண்ணி எங்கனயாவது அழுகுமா? பேசாம இருங்க!”

முகாமை ஒட்டிய ஊரில் சொட்டுத் தண்ணீரைச் சிந்த மாட்டார்கள், பாத்திரத்தைக்கூட மணலால்தான் தேய்ப்பார்கள். அங்கிருந்து ஆட்டுப்பால் கொண்டுவரும் பெண் ஒருநாள் என் தம்ளரை வாங்கி முகர்ந்தாள்; அப்படியே மணலில் கவிழ்த்தாள். அந்த மணல்கூட உடனே குடிக்கவில்லை, பச்சைக் கோழையாக மேலேயே கிடந்தது. அம்மா அதையே பார்த்தாள். பிறகு லாரித் தண்ணீரை மொண்டு நீட்டினாள்.

“மூக்கப் பொத்திக்கிட்டுக் குடிச்சிரு, மக்கா.”

சொல்லும்போதே தன் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.