உம்மாவின் வயலும் நான்கு வாடகை வீடுகளும்

அல்லாஹ்வின் நாட்டப்படி எங்கள் உம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஒரு வருடமாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களில் பாதிப் பேராவது, "ஒரு வீட்ட வாங்கிப் போடுகா" என்று உம்மாவுக்குப் புத்தி சொன்னவர்கள். மீதிப் பேர் உம்மா வீடு மாறும்போதெல்லாம் சாமான் தூக்கியவர்கள். இரு தரப்பாருக்கும் கடைசி மகனாகிய என் ஸலாம்.

உம்மா கல்முனைக்குடியில் நான்கு பெண் பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். எங்கள் ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். உம்மாவின் வாப்பா மூன்று மகள்மாருக்கு மூன்று வீடு கட்டியே களைத்துப் போனார். நான்காவது மகளுக்குக் கொடுக்க, சம்மாந்துறைப் பக்கம் இரண்டு ஏக்கர் வயல்தான் மிஞ்சியது. தையல் கடை வைத்திருந்த எங்கள் வாப்பா அதைப் பெரிதுபடுத்தாமல் வந்து சேர்ந்தார். இருவரும் வாடகை வீட்டில் குடியேறினார்கள். வாப்பாவின் கூட்டாளிமார் அவரை "வாடகை மாப்பிள்ளை" என்று நெடுநாள் கேலி செய்தார்களாம்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, அந்த வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போவதாகவும் எங்களுக்கே முதலில் தருவதாகவும் சொன்னார். வாப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"உன்ட வயல வித்துப் போட்டு இந்த வீட்ட எடுப்பம். வீடில்லாதவ எண்டு இனி ஆரும் உன்ன ஒரு சொல் சொல்லப்படா" என்றார்.

உம்மா உடனே ஓம் என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பகல் சாப்பாடு முடிந்ததும் என் கணிதக் கொப்பியின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வயல் இருந்தால் வருடம் முழுக்க வீட்டுக்கு அரிசி. மிஞ்சுகிற நெல்லை விற்றால் வாடகை. வயலை விற்றால் வாடகை இல்லை, ஆனால் அரிசியைக் கடையில் வாங்க வேண்டும். கூரை ஒழுகினால் ஓடும் நாங்கள்தான் வாங்க வேண்டும். தையல் கடையோ பெருநாளைக்குப் பெருநாள்தான் சிரிக்கும். வட்டிக்குக் கடன் எடுப்பது எங்கள் வீட்டில் பேச்சுக்கே இல்லை.

"மூணு ஆம்புளப் புள்ளயள், மூணு படி சோறு. சுவர அவிச்சுத் தின்னேலுமா?" என்று கேட்டு உம்மா சிரித்தார்.

சிரிப்பை நிறுத்தியவர் பெரியும்மா, உம்மாவின் மூத்த ராத்தா.

"மூணும் பொண்டாட்டிட வீட்டுக்குப் போயிரும். மத்தவக்கு மகள்ட வீடு இரிக்கி. நீ கடைசியில ஆர்ட வீட்டுல கிடக்கப் போறாய்?"

உம்மா சுளகை எடுத்து அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினார். பொறுக்கிக்கொண்டே சொன்னார்.

"அது அல்லாஹ்ட பொறுப்பு ராத்தா. இவனுகள்ட சோறு என்ட பொறுப்பு."

வீடு வேறு ஆளுக்குப் போனது. நாங்கள் வேறு வீட்டுக்குப் போனோம். அப்படியே நான்கு வீடுகள். ஒவ்வொரு முறையும் வயல் உழுகிற உழவு இயந்திரத்தின் பெட்டியில் கட்டில், அலுமாரி, நெல் மூட்டை, எல்லாவற்றுக்கும் மேலே பயமில்லாமல் நாங்கள் மூன்று பேர். வீடு மாறுவது எங்களுக்குப் பெருநாள் மாதிரி. உம்மாவுக்கும் அப்படித்தான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். எவ்வளவு மடையன் நான்!

அரிசி குறைந்ததுமில்லை, நாங்கள் படிப்பை விட்டதுமில்லை. என் அண்ணன்மாரான காக்காமார் இருவரும் உத்தியோகத்துக்குப் போய், கலியாணம் முடித்து, பெரியும்மா சொன்னபடியே பெண் வீடுகளுக்குப் போனார்கள். என் முறை வந்தபோது வாப்பா மௌத்தாகியிருந்தார். உம்மா தானே நடந்து போய், தகப்பன் இல்லாத, வீடும் இல்லாத ஒரு பெண் பிள்ளையை எனக்குக் கேட்டார். "வீடு கேக்கல்ல. புள்ளய மட்டும் தாங்க, காணும்" என்றாராம். என் மனைவி எங்கள் நான்காவது வாடகை வீட்டுக்கு வந்தது இப்படித்தான்.

அந்த வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தார். வாடகையை வருடா வருடம் கூட்டிக்கொண்டே வந்து, கடைசியில் விற்கப் போகிறேன் என்றார். நான் வேறு வீடு தேடத் தயாரானேன். உம்மா இந்த முறை கொப்பி கேட்கவில்லை. "இப்ப வயல் தாறதை விட வாடகை கூட. உங்க மூணு பேருக்கும் சம்பளம் இரிக்கி, அரிசிய வாங்கலாம். வயல வித்து இந்த வீட்ட எடுப்பம்" என்றார். காக்காமார் மறுபேச்சுப் பேசாமல், வயல் விலைக்கு மேல் தேவைப்பட்ட பணத்தையும் ஆளுக்குப் பாதி போட்டார்கள்.

"அண்டைக்கே வாங்கியிருந்தா இந்த வெலயில கால்வாசி வராது" என்று சொல்லிக் காட்டியவர்கள் பலர். "ஓம், காசில எனக்கு நட்டந்தான்" என்று உம்மா வெட்கமில்லாமல் ஒப்புக்கொண்டார். எங்கள் படிப்பைக் காட்டி ஒரு நியாயமும் பேசவில்லை.

வீட்டு உறுதிப் பத்திரம் எழுதும்போது நொத்தாரிசு பெயர் கேட்டார். நான் உம்மாவின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். உம்மா தடுத்து, "என்ட மருமகள்ட பேர்ல எழுதுங்க. எனக்கு இந்த வயசில ஒரு கட்டில் காணும்" என்றார். வீடில்லாமல் கலியாணம் முடித்த ஒரு பெண்ணின் மனம் இன்னொரு பெண்ணுக்குத்தான் விளங்கும் போலிருக்கிறது. என் மனைவி அந்த அலுவலகத்திலேயே "மாமி" என்று உம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டார்.

மறுநாள் உம்மா என்னை அனுப்பி ஒரு இறாத்தல் ஆணி வாங்கினார். வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர்கள் யாரும் அவரைச் சுவரில் ஆணி அடிக்க விட்டதில்லை. கலண்டருக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று, ஒன்றுமே தொங்காத ஆணிகள் எட்டோ ஒன்பதோ. ஒன்றரை வருடம் அந்த வீட்டில் சந்தோஷமாக இருந்தார். பிறகு இரண்டு வாரச் சுகயீனம், அத்தோடு போய்விட்டார்.

வைத்தியசாலையில் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், கபுறு வெட்டியவர்களுக்கும், மூன்று நாள் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த அயலவர்களுக்கும், காக்காமாருக்கும் மச்சிமாருக்கும் அல்லாஹ் நற்கூலி தருவானாக. உம்மாவின் பிழைகளை அவன் பொறுத்து, மறுமையில் நல்ல இடம் கொடுப்பானாக.

என் மனைவிக்கும் நன்றி சொல்ல வேண்டும். அன்று உம்மாவின் உடலை எடுக்க நின்ற வைத்தியசாலை வாசலில் பெரியும்மா அழுதுகொண்டே, "ஜனாஸாவ ஆர்ட வீட்டுக்குக் கொண்டு போறீங்க?" என்று கேட்டார். பெரிய காக்காவின் மனைவி வீடுதான் விசாலமானது. நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அதற்குள் என் மனைவி சொல்லிவிட்டார்:

"மாமிட வீடு இரிக்கக்குள்ள, வேற ஆர்ட வீட்டுக்குக் கொண்டு போற?"