புளி போட்டுத் தேய்த்த கார்

முதல் நாள் காருக்குள் தலையை விட்டு, ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே ஸ்குரூ டிரைவரால் ஒரு குத்துக் குத்தினேன். அது கைப்பிடி வரை இறங்கிவிட்டது. உருவிப் பார்த்தால் முனையில் கொட்டகை மண். நோட்டில் எழுதினேன்: ஒன்று, தரை இல்லை.

சாயங்காலத்துக்குள் முப்பத்தொன்பது வரிகள் சேர்ந்தன. கதவுகளுக்கு அடியில் ஓடும் பட்டைகள் அப்பளமாக நொறுங்கின. டிக்கியின் தளம் வலையாகிவிட்டிருந்தது. கூரையும் பானட்டும் மட்டும் மேல்துருவோடு தப்பியிருந்தன. நீண்ட மூக்கும் நான்கு முன்விளக்குகளும் கொண்ட பழைய காண்டஸா. கோட்டக்குப்பத்தில் ஒருவரிடமிருந்து அப்பா வாங்கிச் சில வருடம் கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓட்டியது. இன்ஜின் கோளாறானதும், கோலியனூர் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நின்றுவிட்டது.

நான் மெக்கானிக்கல் படித்தவள். ஒரு கார் தொழிற்சாலையில் இரண்டு வருடம் புதுக் கார்களின் கதவு இடைவெளியை அளந்துகொண்டிருந்தேன். ஒரு காருக்கு ஐம்பது விநாடி, அதற்குள் அடுத்தது வந்து நிற்கும். ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு கைகள் சும்மா இருக்க மறுத்தன. சாப்பிட உட்கார்ந்தால் தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடத்தில் ஒரு காரைக்கூட நான் முழுதாகச் செய்ததில்லை. இதைச் செய்துவிட வேண்டும் என்று இருந்தது.

அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“மழைக்கு முன்னாடி வண்டி மேல பெயிண்டு ஏறணும். இல்லன்னா இரும்புக்காரனுக்கு போன் போட்டுருவேன். கொட்டா எனக்கு வேணும். நடவு வருது, ஒர மூட்ட எறங்கும்.”

“உரத்த டிக்கியில வெச்சதாலதாம்ப்பா இந்தக் கதி. பொட்டாஷ் உப்பு. தகட்ட அப்படியே தின்னுட்டுது.”

“எலி போவாத எடம் அது ஒண்ணுதான். வேற எங்க வெக்கச் சொல்ற? உன் தலகாணிக்கு அடியிலயா?”

திண்டிவனத்தில் வண்டித் தகடு வேலைக்குப் பட்டறை வைத்திருக்கும் டிங்கர் ஒருவர் வெல்டிங் வேலைக்கு ஒத்துக்கொண்டார். எல்லோருக்கும் அவர் பாய். வருகிறேன் என்று சொன்ன நாளுக்கு மறுநாள் வருவார். தரையை வெட்டுவதற்கு முன், கதவுத் திறப்புகளின் குறுக்கே ஆங்கிள் கம்பி வைத்துப் பிடிக்கச் சொன்னேன். இல்லையென்றால் கார் நடுவில் தொய்ந்து கதவு மூடாது.

“அதெல்லாம் எங்களுக்குத் தெரியும் மேடம். நீங்க நோட்டுல டிக் அடிச்சிக்கினு இருங்க.”

“அடிச்சுட்டேன் பாய். நேத்தே வந்திருக்கணும்னு ஒரு வரி இருக்குது, அதுதான் பாக்கி.”

“அது எப்பவும் பாக்கிதான்” என்று சிரித்துவிட்டு முகமூடியை இறக்கினார்.

புதுத் தகட்டில் தரை வந்தது, பட்டைகள் வந்தன. பழைய பெயிண்டை உரிப்பது என் வேலை. அங்கேதான் பாய் ஒன்று சொன்னார்: “ஒரு கதவ தேய்ச்சீங்களா, அதுக்கு உடனே ப்ரைமர் அடிச்சிருங்க. அப்புறம் அடுத்த கதவு. வெறுந்தகடா வுடாதீங்க, பேஜாரு.”

நான் கேட்கவில்லை. என் பட்டியல் அப்படிப் போடப்படவில்லை. முதலில் வண்டி முழுவதும் உரிப்பது, பிறகு முழுவதும் ப்ரைமர் என்ற அடிப்பூச்சு. ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை. பன்னிரண்டு நாள் தேய்த்தேன். கடைசி நாள் கொட்டகைக்குள் கார் வெள்ளித் தட்டு மாதிரி நின்றது. துரு பிடிக்காமலிருக்க மெல்லிசாக எண்ணெய் தடவிவிட்டேன். மறுநாள் ஆயுத பூசை. பூசைக்கு அடுத்த நாள், ப்ரைமரைத் தெளிக்கக் கம்ப்ரசரோடு வருவதாகப் பாய் சொல்லியிருந்தார்.

பூசையன்று விடியற்காலையிலேயே அம்மா என் கருவிகளையெல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஸ்பேனர்கள், சுத்தியல், கம்பி பிரஷ், மீதமிருந்த உப்புத்தாள், கிரைண்டர், எல்லாம் சாமி முன்னால் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டோடு. மறுநாள் காலை கற்பூரம் காட்டி எடுக்கும்வரை எதையும் தொடக்கூடாது. எனக்கு உள்ளங்கை அரித்தது. வீட்டில் இருந்தால் எதையாவது தொட்டுவிடுவேன் என்று, பாய் வாங்கி வைத்திருந்த ப்ரைமர் டின்னை எடுத்துவர திண்டிவனம் பஸ் ஏறினேன். டின்னோடு தின்னரும் இரண்டு புது பிரஷ்ஷும் தந்தார். இண்டு இடுக்குகளுக்கு பிரஷ்தான் சரிப்படும் என்றார்.

திரும்பி வந்தபோது பதினொன்றரை. கொட்டகைக்கு வெளியே இழுத்து நிறுத்தப்பட்ட கார் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. பானட்டில் மூன்று பட்டையாக விபூதி, நடுவில் குங்குமம், சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். பக்கத்தில் புடவையைச் செருகிக்கொண்டு அம்மா.

“வண்டிய கழுவாம பொட்டு வெப்பாங்களா? ஒரே எண்ணெ பிசுக்கு. சோப்புக்குப் போவல. அப்புறம் புளியும் கல்லுப்பும் போட்டுத் தேச்சேன் பாரு, குத்துவெளக்கு கணக்கா வந்துட்டுது!”

அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டே டின்னைக் கீழே வைத்தேன். என் பட்டியலில் எழுபதுக்கு மேல் வரிகள். தண்ணீர் படக்கூடாது என்ற வரி இல்லை. அதை எழுத வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன்.

“நல்லாருக்கும்மா” என்றேன்.

சூடம் காட்டும்போதே பானட்டின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு ஓடியது. பொரியும் கடலையும் கைக்கு வருவதற்குள் கூரை முழுக்க ஆரஞ்சு நிறத்தில் பூத்துவிட்டது. பன்னிரண்டு நாள் வேலை. கிழக்கே மேகம் கட்டியிருந்தது. நான் கொட்டகைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். நான்கு எட்டு, திரும்பு, நான்கு எட்டு. கருவியெல்லாம் சாமிக்கு முன்னால், நாளை காலை வரை.

அப்பா வந்து விரலால் தொட்டு, விரலைப் பார்த்தார். “என்னா பாப்பா, பழையபடி ஆயிடுச்சே? ராத்திரியே மழ வந்துரும் போல.” சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். யாருக்கும் போடவில்லை. உள்ளேயும் வைக்கவில்லை.

அம்மா அப்போதுதான் பார்த்தாள். “என்னாடி இது, செவந்துகினு வருது?”

“புளிம்மா. உப்பும்.”

“பாத்தரத்துக்கெல்லாம் அப்படித்தானே...” என்று தொடங்கி நிறுத்தினாள். “சொல்லி வெக்கக்கூடாதாடி? ஒம்போது ஊருக்கு எழுதி வெக்கிற, இத சொல்லக்கூடாதா?”

“சொல்லியிருக்கணும். பாய் சொன்னபடி அன்னன்னிக்கே ப்ரைமர் அடிச்சிருந்தாலும் இது ஆகியிருக்காது. என் தப்புதான்.”

“இப்ப என்னா பண்ணணும்?”

“திரும்பத் தேய்க்கணும். கம்பி பிரஷ் உள்ள இருக்குது.”

அம்மா சாமி அறையைப் பார்த்தாள். பிறகு நேராக அடுப்படிக்குப் போய், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் இரண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். “இத சாமிகிட்ட வெக்கல. இது என்னுது.” ஒன்றை என் கையில் வைத்தாள்.

அதன் பிறகு நான் நிற்கவில்லை. அடுப்படியிலிருந்த ஆப்ப சோடா முழுவதையும் வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன், புளிப்பு அடங்க. மோட்டாரைப் போட்டு உப்புப் போகக் கழுவினோம். பழைய வேட்டிகளால் துடைத்தோம். கூடத்து ஃபேனைத் தூக்கிவந்து வைத்தேன். அம்மா கூரை, நான் பானட், பிறகு ஆளுக்கு இரண்டு கதவு. அவள் வட்டவட்டமாகத் தேய்த்தாள். நேர்கோடாகத் தேய்த்துப் பழகிய எனக்கு அது உறுத்தியது. காய்ந்த பகுதிக்கு உடனே ப்ரைமர், பிறகு அடுத்த பகுதி. பாய் சொன்ன வரிசை. பிரஷ் புதியது, பூசையில் வைக்காதது. வெளிச்சம் மங்கும்போது பின்கதவின் கீழ்விளிம்பில் கடைசி இழுப்பு. மூவரும் தள்ளிக் காரைக் கொட்டகைக்குள் ஏற்றினோம். கால் மணி நேரத்தில் தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்தன.

அப்பா சுற்றி வந்தார். “துருவ எடுத்துட்டு, துரு கலரே அடிச்சிருக்கீங்களே?”

“ரெட் ஆக்சைடுப்பா. ப்ரைமர்.”

“நான் பெயிண்டுன்னு சொன்னேன்.”

அவர் சொன்னது பெயிண்ட்தான்.

மறுநாள் பாய் சொன்ன நாளிலேயே வந்துவிட்டார். கூரையில் பிரஷ் தடங்களைப் பார்த்துச் சிரித்தார். “என்னா மேடம், வண்டியில கோலம் போட்டிருக்கீங்க? இத மறுபடி தேய்க்கணுமே.” தெரியும் என்றேன். நாற்பதாவது வரியிலிருந்து எல்லா டிக்குகளையும் அழித்துவிட்டு, வேலைவாரியாக இல்லாமல் கதவு கதவாகப் புதிய பட்டியல் போட்டிருந்தேன்.

மூன்றாம் நாள் உர வண்டி வந்தது. கொட்டகை வாசலில் இறக்கப் போன ஆளை அப்பா நிறுத்தி வீட்டுக்குள்ளே கைகாட்டினார். பத்து மூட்டைகள், என் கட்டிலின் தலைமாட்டில் சுவரோரமாக அடுக்கப்பட்டன. அம்மா வீடே அதிரக் கத்தினாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

அறை முழுவதும் உர நெடி. படுத்தால் தும்மல் வந்தது. எழுந்து கொட்டகைக்குப் போனேன். பின்னாலேயே அம்மா குரல்: “டவுனுக்குப் போனா கம்பி நாரு ரெண்டு வாங்கியா! பாத்தரமெல்லாம் அப்படியே கெடக்குது!”

புதிய பட்டியலின் முதல் வரிக்கும் மேலே அதை எழுதிவிட்டு, முன்கதவில் கை வைத்தேன்.