தேவசகாயம் அண்ணாச்சியும் எங்கள் மரக்கோயிலும்

போன செவ்வாய்க்கிழமை காலை கோயில் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தேவசகாயம் அண்ணாச்சியின் மகன் வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றாமல் அவர் நின்றதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. “அப்பா போயிட்டாங்க மாமா. மணி அடிக்கணும்” என்றார். அடித்தேன். கை சோர்ந்து நடுவில் இரண்டு முறை நிறுத்தினேன்.

லாலாகுடா ரயில்வே காலனியில் அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன். எழுத்து என் கைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அறுபத்தெட்டு வயதில் என் பெயரை நானே எழுதிப் பார்த்த அன்று எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இப்போதும் ஒரு வரி முடிந்தால் சந்தோஷம்தான். ஆனால் நாலு வரிக்கு ஒருமுறை விரல் மரத்துப்போகிறது. இதை எழுதி முடிக்க ஐந்து நாள் ஆயிற்று.

நம் கோயிலைத் துரைமார்கள் தங்களுக்காகத்தான் கட்டினார்கள். கல்கோயில் எழும்பும்வரை இது போதும் என்று, ரயில் பெட்டி செய்கிற தச்சர்களை வைத்தே கட்டினார்கள். அதனால்தான் கூரை பெட்டியின் கூரை போல வளைந்திருக்கிறது. ஜன்னல் சட்டங்கள் மேலும் கீழும் இழுபடுகின்றன. எல்லாம் தேக்கு. அடியில் முழங்கால் உயரக் கல் கால்கள். அவற்றின்மேல் அடிக்கட்டைகள், அவற்றின்மேல் சுவர். கல்கோயில் முடிந்ததும் துரைமார்கள் அங்கே போனார்கள். மரக்கோயிலைத் தமிழர்களுக்கு விட்டார்கள். கட்டடம் மட்டும் ரயில்வேக்கே சொந்தம். அதைப் பார்த்துக்கொள்ளும் தச்சு மேஸ்திரியாக அண்ணாச்சி இருந்தார். சாவியும் அவரிடம்தான்.

அந்தக் கல் கால்களின் நடுவே ஆடுகள் படுக்கும். ஜெபம் நடக்கும்போது கீழிருந்து கத்தும். நான் அப்போது ரயில்வேயில் கொத்தனார். அடியை அடைத்துவிடலாம் என்று அவரிடம் பலமுறை சொன்னேன். “நக்கோ, நக்கோ” என்பார், இந்த ஊர் உருதுவில் வேண்டாம் என்று. “மரத்துக்கு அடியில காத்து ஓடணும். ஆடு உறங்கினா என்னல? மேல பிரசங்கத்துல நீ உறங்கல?”

பிறகு அவரை வேலையாக வாடி ஜங்ஷனுக்கு அனுப்பினார்கள். அவர் இல்லாத நாளில், பிஷப் ஐயா பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்த வருகிறார் என்று செய்தி வந்தது. அவர் முன்னால் ஆடு கத்தினால் நமக்குத்தான் மானக்கேடு என்று நினைத்தேன். நாலு பக்கமும் செங்கல் வைத்து அடைத்து வெள்ளையடித்தேன். மேஸ்திரியைக் கேட்டாயா என்று சபையார் கேட்டார்கள். அண்ணாச்சிதான் கட்டச் சொல்லிவிட்டுப் போனார் என்றேன். கோயில் அழகாய் இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். சுற்றிலும் குரோட்டன்ஸ் நட்டு நாள்தோறும் தண்ணீர் ஊற்றினோம்.

ஒன்றரை வருஷம் கழித்து அண்ணாச்சி திரும்பினார். நான் அடைத்ததைப் பார்த்தார். இரண்டு செங்கல்லைப் பெயர்த்து, உள்ளே கைவிட்டு அடிக்கட்டையில் விரலை வைத்தார். ரொட்டிக்குள் போவதுபோல விரல் உள்ளே போயிற்று. கரையான்.

ரயில்வே ஆபீசிலிருந்து ஒரு துரை பார்க்க வந்தார். பிரித்துப் போட்டுவிடலாம், தமிழர்கள் வேறு இடம் பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். வேறு இடம் நமக்கு எங்கே இருந்தது? இதை யார் சொல்லி அடைத்தது என்று கேட்டார். சபையார் எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“நான்தான், துரை” என்றார் அண்ணாச்சி. “கெடுத்தவன் நான். சரிபண்ணவும் எனக்குத் தெரியும். மழைக்கு முன்னால முடிச்சுத் தாறேன்.”

அன்று முதல் அவர் கோயிலுக்கு அடியில் மல்லாந்து படுத்தே வேலை செய்தார். ஜாக்கி வைத்துச் சுவரைத் தூக்கி, அரித்த கட்டையை உருவி, கழித்துப்போட்ட ரயில் பெட்டிகளின் தேக்கை நுழைத்தார். நான் செங்கல்லை உடைத்தேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் அண்ணாச்சி என்று ஒருநாள் குனிந்து கேட்டேன். முகமெல்லாம் மண்ணாய் இருந்தது அவருக்கு.

“ஏல யோசேப்பு, ஒருத்தன் ஒத்துக்கிட்டா, சரிபண்ணுன்னு துரை விடுவான். ஆளுக்காள் பழி போட்டா பிரிச்சுத்தான் போடுவான். வாயை மூடிட்டு உடை.”

மழைக்கு முன் வேலை முடிந்தது. கோயில் நின்றது. ஆனால் துரை அவரிடமிருந்து சாவியை வாங்கிச் சபையாரிடம் கொடுத்துவிட்டார். கூடவே நின்று உழைத்தவன் என்று சபையார் அதை என்னிடம் கொடுத்தார்கள். இருபது வருஷமாக நான் கோயில்குட்டியாக இருந்து திறக்கவும் பூட்டவும் செய்கிறேன். அவர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சாவி கையில் இருந்தது, சொல்லவில்லை. பிறரைக்கொண்டு எழுதவைக்கவும் வாய் வரவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுத் திரும்பும்போது எனக்கு முன்னால் இருவர் பேசிக்கொண்டு போனார்கள். நல்ல மனுஷன்தான், ஆனால் கோயிலையே கரையானுக்குக் கொடுக்கப் பார்த்தாரே என்றார் ஒருவர். அங்கேயே ஒரு கல்லறை மேடையில் உட்கார்ந்துவிட்டேன்.

அடைத்தவன் நான். அவர் பெயரைச் சொல்லி அடைத்தவனும் நான். இத்தனை வருஷம் அவர் தன்னிடம் வைத்திருந்த என் தவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இதை நானே வாசிப்பேன். சாவியை யாரிடம் கொடுப்பது என்று பிறகு சொல்லுங்கள். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன், நேரமாகும். முடிக்கும்வரை யாரும் எழுந்து போகாதீர்கள்.