துரையின் மோட்டார் சைக்கிள்

இன்று புல் வெட்டும் மெஷினின் பெட்ரோல் வாடை, என்னை லாயாங் லாயாங் தோட்டத்துத் தொழிலாளர் வீடுகள் வரிசையாய் நின்ற லயத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே ஞாயிறு தவறாமல் மெக்கானிக்கான அப்பா, தோட்டத்து மேனேஜரான துரையின் மோட்டார் சைக்கிள் கார்புரேட்டரில், பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பித்தளை ஜெட்டுகளை மாற்றி மாற்றிப் பூட்ட, ஆக்சிலேட்டரைப் பிடித்திருக்கும் அம்மா, இன்ஜின் இருமினால் "பெட்ரோல் பத்தல", கரும்புகை கக்கினால் "கூடிப்போச்சு" என்பாள்.

காய்ச்சலில் அப்பாவுக்கு நினைவு தப்பத் தொடங்கிய அன்று, பழுதுபார்க்க வந்து வாசலில் நின்ற, நாங்கள் ஏறினாலே அப்பாவின் வேலை போய்விடும் அந்த வண்டியை அம்மா உதைத்துக் கிளப்பினாள். அப்பாவைப் பின்னால் உட்காரவைத்துச் சேலையால் தன்னோடு கட்டினாள்.

"ஒனக்கு ஓட்டத் தெரியாதே," என்று முனகினார்.

"சத்தம் தெரியும். புடிச்சுக்குங்க."

இருமாமல் புகையாமல் வண்டி ஆஸ்பத்திரி மேட்டில் ஏறி மறைந்தது. பிளந்த வாயை லயத்தில் ஒருவரும் மூடவில்லை. நான் இன்னும் மூடவில்லை.