பல்லிப் பெரியம்மாவின் பிழைகள்

தங்கையின் பிள்ளைகள் வைத்த பெயர் அது. நாள் முழுக்கப் பல்லி, பூச்சி, சிப்பி என்று கணினியில் தட்டிக்கொண்டிருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? வயது ஐம்பத்து மூன்று. மூன்றாவது மாடியில் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு கணினி. இரண்டாவது நாற்காலியில் துவைத்த துணி கிடக்கும். உட்கார ஆள் வந்தால்தானே எடுத்து வைக்க.

வேலை இதுதான். புதிதாக ஒரு பொருள் செய்பவர்களுக்கு எங்காவது ஓரிடத்தில் முட்டும்: கெட்டியாக ஒட்டவும் வேண்டும், நினைத்தவுடன் கழன்றும் வர வேண்டும். இந்தச் சிக்கலை ஏதாவது ஓர் உயிர் எப்போதோ தீர்த்து வைத்திருக்கும். அதைத் தேடிப் படித்து, பல ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் பொதுக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் மூன்று கட்டங்கள்: என்ன சிக்கல், அந்த உயிர் எப்படிச் சமாளிக்கிறது, எப்போது அது பலிக்காது. மூன்றையும் சரிபார்ப்பவர் ஒப்புக்கொண்டால்தான் பதிவு வெளியே போகும்.

சரிபார்ப்பவரை அவள் பார்த்ததே இல்லை. திரையோரத்தில் ஒரு குறிப்புப் பெட்டி, அவ்வளவுதான் உறவு. ஆண், ஐம்பது தாண்டியவர் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். ஒருமுறை மறந்துபோய் மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டாள். "என்னங்க, இன்னிக்குத் தூக்கக் கலக்கமா?" என்று குறிப்பு வந்தது. பாழாய்ப்போன அந்த ஒரு வரிக்காக அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாள். தங்கை ஞாயிறு தவறாமல் பேசுவாள்தான். அது "சாப்பிட்டியாக்கா, வச்சிடட்டுமா" என்பதோடு முடிந்துவிடும்.

பிறகு வேண்டுமென்றே பிழை விட ஆரம்பித்தாள். வாரம் ஒன்று, அளவாக. அவர் பிடிப்பார், கிண்டல் செய்வார், இவள் திருத்துவாள். நான்கு வருடம் இப்படி ஓடியது. அவருக்குச் சளி பிடித்தது, வீடு மாறியது எல்லாம் இவளுக்கு அத்துப்படி. அசட்டுத்தனம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் வேறு யார் அவளிடம் சேர்ந்தாற்போல இரண்டு வாக்கியம் பேசினார்கள், சொல்லுங்கள்.

பல்லியில்தான் மாட்டிக்கொண்டாள். நனைந்த கண்ணாடியில் பல்லியின் கால் வழுக்கும். அவளோ "ஈரத்திலும் பிடி விடாது" என்று எழுதி அனுப்பினாள். இவ்வளவு பச்சையான பிழை அவர் கண்ணில் படாமல் போகுமா? போயிற்று. ஒரு குறிப்பும் இல்லாமல் பதிவு வெளியே போய்விட்டது. அவராகப் பிடிக்கட்டும் என்று இவளும் வீம்பாக விட்டுவிட்டாள்.

ஐந்து மாதம் கழித்து, பதிவின் கீழே ஒரு வரி முளைத்திருந்தது. கையுறை செய்யும் குழு ஒன்று அதை எடுத்திருக்கிறது. மழையிலும் உயரத்தில் தொற்றி நின்று கண்ணாடி துடைப்பவர்களுக்காம். நாளைக்கு அதை மாட்டி ஓர் ஆளை ஏற்றிப் பார்க்கப்போகிறார்களாம்.

சொன்னால் வேலை போகும். வேலை போனால் அந்தக் குறிப்புப் பெட்டியும் போகும். அரை மணி நேரம் அறைக்குள்ளேயே நடந்தாள். பிறகு களஞ்சிய அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எடுத்தது ஓர் இளம்பெண்.

"பல்லிப் பதிவு தப்புங்க. நான்தான் தெரிஞ்சே தப்பா எழுதினேன். கையுறைக்காரங்க நாளைக்கு யாரையும் ஏத்த வேண்டாம்னு சொல்லிடுங்க."

"ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்று போனவள் பத்து நிமிடம் கழித்து வந்தாள். "சொல்லிட்டேன், நிறுத்திட்டாங்க. ஆனா தெரிஞ்சே எதுக்கும்மா?"

ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்து, "நாலு வருஷமா சரிபார்க்கிறாரே, அவர்கிட்ட நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க" என்றாள்.

அந்தப் பெண் தயங்கினாள். "எந்த அவரும்மா? அந்த வேலைய நாங்க ஆறு பேர் மாத்தி மாத்திப் பாக்குறோம். யாருக்கு எது வருதோ அது."

"போன வருஷம் சளி பிடிச்சிருந்ததே..."

"நானா இருக்கலாம். ஞாபகம் இல்லம்மா."

பெரியம்மா திரையோரத்துக் குறிப்புப் பெட்டியைப் பார்த்தாள்.

"வேற பதிவு எதுலயாவது இப்படி விட்டிருக்கீங்களாம்மா?" என்று கேட்டது அந்தக் குரல்.

"இல்ல. மத்ததெல்லாம் அவர் பிடிச்சிட்டார்" என்றாள். பழக்கதோஷம், வாயில் அதுதான் வந்தது.