திருப்பிக் கேட்டவள்

விமானம் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு வானொலியில் ஆங்கிலத்தில் கதைக்கவும் சான்று வேண்டும்; அந்தப் பேச்சைக் கேட்டு, நாலாம் நிலை என்றால் சித்தி, மூன்றாம் நிலை என்றால் இல்லை என்று எழுதுவதுதான் ஒஸ்லோவில் என் பிழைப்பு. பரீட்சைகளில் கை வியர்க்க இருந்து பழகியவர்களே, மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவளுக்கும் வியர்க்கும். ஏணியில் ஏறினாலே தலை சுற்றும் எனக்கு முன்னால், வானத்தில் ஓடித் திரிபவர்கள் பயந்துபோய் இருப்பார்கள்.

ஜேர்மன்காரரின் கைகள்

தலை முழுக்க நரைத்த ஒரு ஜேர்மன்காரர் வந்தார். சொந்த நாட்டில் சின்ன விமானம் ஓட்டி முப்பது வருடம். அங்கே வானொலியிலும் ஜேர்மன் மொழியே போதுமாக இருந்தது. மகளோடு இருக்க ஒஸ்லோவுக்கு வந்தவருக்கு, இங்கே பறக்க ஆங்கிலம் தேவைப்பட்டது. இயந்திரம் நின்றுவிட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன்.

மனிதர் வசனம் தேடி முழிசினார். ஆனால் அவர் கைகள் மேசைக்கு மேலே இல்லாத விசைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போயின. ஒரு தடுமாற்றமும் இல்லை. நான் வாய் பிளந்து பார்த்தேன். கைக்குப் புள்ளி போட என் படிவத்தில் இடமில்லை. மூன்று என்று எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. அவர் கோபிக்கவில்லை.

“நீங்கள் எழுதியது சரி. கோபுரத்தில் இருப்பவருக்கு என் கை தெரியாது.”

வெஸ்ட்லிப் பிள்ளை

தாரணி ஒஸ்லோவின் ஓரத்தில் இருக்கும் வெஸ்ட்லியில் பிறந்து வளர்ந்தவள். வடக்கே நோயாளிகளை ஏற்றிவரும் விமானம் ஓட்டுகிறாள். அவளுடைய ஆங்கிலச் சான்று அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் விமானத்தில் ஏற முடியாது. என்னைக் கண்டதும் எழும்பி நின்று வணக்கம் சொன்னாள். ஆங்கிலம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

கோபுரத்து ஆளாக நான் பேசினேன். வேண்டுமென்றே இரைச்சலைக் கூட்டி, பறக்கவேண்டிய உயரத்தைச் சொன்னேன். விளங்காவிட்டால் திருப்பிக் கேட்கவேண்டும், அதுதான் சோதனையே. அவள் தலையாட்டிவிட்டு ஊகித்து ஒரு உயரம் சொன்னாள். மூன்று தரமும் அப்படித்தான். மனசைக் கல்லாக்கிக்கொண்டு மூன்று போட்டேன். வெளியே வந்து, ஏன் பிள்ளை கேட்கேல்லை என்றேன்.

“அன்ரி, வீட்டிலை பெரியாக்கள் ஒருக்காச் சொன்னதை நான் ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை.”

இரண்டாம் முறை

வேறு பரீட்சகர் வேண்டுமா என்று தாரணியிடம் அலுவலகம் கேட்டதாம். நான்தான் வேண்டும் என்றாளாம். பத்து நாள் கழித்து வந்தாள். இரைச்சலை இன்னும் கூட்டினேன். திருப்பிக் கேட்டாள். வேகமாக வாசித்தேன். மறுபடி கேட்டாள். பிறகு ஒரு உயரம் சொன்னேன், தெளிவாகவே கேட்டிருக்கும். அவள் முன்னால் இருந்த வரைபடத்தைப் பார்த்தாள். அந்த உயரத்தில் மலை இருக்கிறது, உறுதிப்படுத்துங்கள் என்றாள், குரல் ஒரு துளியும் ஏறாமல்.

குனிந்து என் தாளைப் பார்த்தேன். நான் ஒரு வரி தப்பி வாசித்திருக்கிறேன். உடம்பெல்லாம் புல்லரித்தது. இவளுடைய விமானத்தில் என்றால் நானும் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவேன். ஐந்து என்று எழுதி ஒப்பம் வைத்தேன். வாசல்வரை போனவள் நின்று திரும்பினாள்.

“குறை நினைக்காதேங்கோ அன்ரி. பின்னாலை ஒரு நோயாளி படுத்திருக்கிறார் எண்டு நினைச்சுத்தான் கேட்டனான்.”

அன்றிலிருந்து வீட்டில் பிள்ளைகள் ஒன்றைத் திருப்பிக் கேட்டால் நான் கோபிப்பதேயில்லை, கணவர் கேட்டால் மட்டும் மூன்றாம் நிலைதான்.